எல்லைக்கோட்டுக்கு வெளியே

சென்ற ஆண்டு மே மாதத்தின் கடைசி வாரத்தில், பங்குப் பேரவைக் கூட்டத்தை முடித்துக்கொண்டு இல்லத்திற்குத் திரும்பியபோது, ஆயர் இல்லத்திலிருந்து வந்த உறை ஒன்று நம் மேசைமீது கிடந்தது. பிரிக்கும் முன்னரே உள்ளே இருப்பது இன்னதென்று தெரிந்துவிட்டது. குருவாகி 27 ஆண்டுகள் கடந்த ஒருவருக்கு மே மாதத்து உறைகளின் கனம் கைபட்டவுடனே விளங்கிவிடும். இதற்குமுன் ஆறு முறை இத்தகைய மடல்கள் வந்ததுண்டு. ஆறும் ஒரு பங்கிலிருந்து வேறொரு பங்கிற்கு அனுப்பியவை. பெட்டியைக் கட்டினோம், மக்கள் கண்கலங்கினர், புதிய ஊரில் கோயில் மணி ஒலித்தது, வாழ்க்கை தொடர்ந்தது.

ஏழாவது மடல் வேறு வகையானது. பங்குப்பணியிலிருந்து விடுவித்து, குருமடத்தில் திருத்தொண்டர்களின் மேய்ப்புப்பணிப் பயிற்சிக்கு நம்மைப் பொறுப்பாளராக நியமித்திருந்தது. மதிப்புக்குரிய பொறுப்பு என்று உடன்குருக்கள் வாழ்த்தினர். நமக்கோ, ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே பெயர் சொல்லி வெளியே அழைத்துவிட்டதுபோல் இருந்தது. மறுபரிசீலனை வேண்டி ஆயருக்கு ஒரு மடல் எழுதினோம். மூன்று நாள்கள் அதனைச் செபப் புத்தகத்திற்குள் வைத்திருந்து, நான்காம் நாள் கிழித்துப் போட்டோம். கீழ்ப்படிதலால் கிழித்தோம் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். உண்மை அதுவன்று. பல ஆண்டுகளுக்குமுன் அயல்நாட்டு மைதானம் ஒன்றின் ஓரத்தில் நாம் கண்ட ஒரு மனிதரின் நினைவு வந்து குறுக்கே நின்றது. அவரைப்பற்றி எழுதவே இன்று அமர்ந்திருக்கிறோம்.

அது 2013-ஆம் ஆண்டின் இலையுதிர் காலம். அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்துச் சிற்றூர்ப் பங்கு ஒன்றில், நோயுற்றிருந்த பங்குத்தந்தைக்குப் பதிலாக ஐந்து மாதங்கள் பணியாற்றிக்கொண்டிருந்தோம். அப்பங்கைச் சேர்ந்த ஓய்வுபெற்ற பள்ளியாசிரியர் ஒருவர், ஒரு மாலையில் தம் காரில் நம்மைச் சவுத் பெண்ட் நகருக்கு அழைத்துச் சென்றார். அங்குள்ள நோட்டர் டேம் பல்கலைக்கழகத்தைக் காணாமல் ஒரு கத்தோலிக்கக் குரு இந்தியானாவை விட்டுப் போகலாகாது என்பது அவர் கட்டளை.

நோட்டர் டேம் என்னும் பிரெஞ்சுத் தொடருக்கு 'நம் அன்னை' என்று பொருள். திருச்சிலுவைச் சபையைச் சேர்ந்த எட்வர்டு சோரின் அடிகளார் 1842-இல் நிறுவிய கல்விக்கூடம் அது. பொன் வேய்ந்த குவிமாடத்தின் உச்சியில் அன்னை நிற்கிறாள். லூர்து கெபியை ஒத்த கெபி ஒன்று 1896 முதல் அவ்வளாகத்தில் இருக்கிறது. தேர்வுக்குச் செல்லும் மாணவர்கள் அங்கே மெழுகுதிரி ஏற்றுவதைக் கண்டபோது, கடல் கடந்து வந்த களைப்பு நமக்குச் சற்றே குறைந்தது.

அந்த ஊரில் கால்பந்து என்றால் அது வேறு விளையாட்டு. முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி மோதி ஓடும் அமெரிக்கக் கால்பந்துதான் அங்கே அரசன். அதற்கென்று அப்போது ஏறத்தாழ 80,000 பேர் அமரக்கூடிய பெரும் அரங்கம் இருந்தது. பல்கலைக்கழக நூலகத்தின் முகப்பில் இரு கைகளையும் உயர்த்தி நிற்கும் கிறிஸ்துவின் மாபெரும் ஓவியம் அந்த அரங்கத்தை நோக்கியிருக்கிறது. அந்த ஆட்டத்தில் புள்ளி கிடைத்ததை அறிவிக்க நடுவர் தம் இரு கைகளையும் உயர்த்துவார். ஆகவே மாணவர்கள் அந்த ஓவியத்திற்கு வேடிக்கையாக ஒரு செல்லப் பெயரும் சூட்டியிருக்கிறார்கள். ஆசிரியர் சிரித்துக்கொண்டே விளக்கினார், நாமும் சிரித்தோம்.

நாம் அறிந்த கால்பந்து, அதாவது காலால் உதைத்து ஆடும் பந்து, அங்கே சாக்கர் எனப்படுகிறது. அதற்குச் சில ஆயிரம் பேர் மட்டுமே அமரத்தக்க சிறிய மைதானம் ஒன்று உண்டு. அன்று மாலை அங்கேதான் ஆசிரியர் நம்மை அமரவைத்தார். குளிர் எலும்பைத் தொட்டது. எல்லைக்கோட்டுக்கு வெளியே நரைத்த தலையுடன் நின்றிருந்த ஒருவரைச் சுட்டிக்காட்டி, "அவர் யார் தெரியுமா?" என்றார். தெரியாது என்றோம். "ஸ்காட்லாந்தில் ஒரு காலத்தில் அவரைத் தாண்டிப் பந்து போனதில்லை" என்றார்.

அவர்தான் பாபி கிளார்க்.

கோல்காப்பாளர் என்ற சொல்லைக் கேட்டதும் நாம் நிமிர்ந்து அமர்ந்ததற்குக் காரணம் உண்டு. குருமடத்தில் பயின்ற நாள்களில் நாமும் கோல்காப்பாளராக இருந்தவரே. செம்மண் தரை, சவுக்குக் கம்பங்கள் இரண்டு, வலை கிடையாது. தத்துவவியல் பிரிவுக்கும் இறையியல் பிரிவுக்கும் நடந்த ஆட்டம் ஒன்றில் வலக்கைச் சுண்டுவிரல் பிசகியது. வைத்தியம் சரியாக அமையாததால் இன்றும் அது வளைந்தே இருக்கிறது. திருப்பலியில் அப்பத்தை உயர்த்தும்போதெல்லாம் அந்த வளைந்த விரல் நம் கண்ணில் படும்.

கோல்காப்பாளரின் நிலை அணியில் தனியானது. பத்துப் பேர் ஓடியாடும்போது அவர் காத்து நிற்கிறார். பிறர் செய்யும் தவறு மறுநிமிடமே மறக்கப்படும். அவர் செய்யும் தவறு பலகையில் எண்ணாக ஏறிவிடும். ஆட்டக்களத்தில் கையால் பந்தைத் தொடும் உரிமை அவர் ஒருவருக்கே உண்டு. எல்லாம் நம் கையில்தான் இருக்கிறது என்ற எண்ணம் அவருக்குள் வேரூன்றிவிடுவதில் வியப்பில்லை. ஒரு பங்கில் நெடுங்காலம் இருந்துவிட்ட குருவுக்கும் அந்த நோய் உண்டு.

கிளார்க்கின் கதையை அன்று அரைகுறையாகக் கேட்டோம். பின்னர் தேடிப் படித்தோம். 1945-இல் கிளாஸ்கோவில் பிறந்தவர். ஜோர்டன்ஹில் கல்லூரியில் உடற்கல்வி ஆசிரியராகப் பயிற்சி பெற்றவர். ஊதியமின்றி ஆடுவோரின் குழுவாக அந்நாளில் விளங்கிய குயின்ஸ் பார்க்கில் தொடங்கி, 1965-இல் அபர்தீன் அணியில் சேர்ந்தார். வடகடலின் ஓரத்தில் சாம்பல்நிறக் கருங்கல்லால் கட்டப்பட்ட நகரம் அபர்தீன். ஸ்காட்லாந்துக் கால்பந்தின் இரு பெருமலைகளான செல்டிக்கும் ரேஞ்சர்ஸும் கிளாஸ்கோவில் இருக்க, வடகிழக்கு மூலையில் கிடந்த இவ்வணி அவற்றின் நிழலிலேயே வாழ்ந்தது.

அந்த நிழலிலிருந்து அது வெளியே வந்த நாள்களில் ஒன்று 1970 ஏப்ரல் 11. கிளாஸ்கோவின் ஹாம்ப்டன் பார்க்கில், ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்டோர் கூடியிருக்க, ஸ்காட்டிஷ் கோப்பையின் இறுதியாட்டத்தில் செல்டிக்கை 3-1 என்ற கணக்கில் அபர்தீன் வென்றது. கோல் முன்னே நின்றவர் கிளார்க். அதற்கடுத்த பருவத்தில், 1,155 நிமிடங்கள், அதாவது ஏறத்தாழ 13 முழு ஆட்டங்களின் நேரம், அவரைத் தாண்டி ஒரு பந்தும் வலைக்குள் செல்லவில்லை. 1971 சனவரியில் ஹைபர்னியன் அணியின் பாட் ஸ்டாண்டன் அந்தத் தொடரை முறித்தார். கிளார்க் நாட்டுக்காக 17 ஆட்டங்கள் ஆடினார். 1978-இல் உலகக் கோப்பைக்காக அர்ஜென்டினா சென்ற ஸ்காட்லாந்துக் குழுவிலும் இருந்தார். ஆனால் அங்கே களமிறங்கும் வாய்ப்பு அவருக்குக் கிட்டவில்லை.

அவர் முதன்முதலாக அமெரிக்காவில் ஆடிய கதை சுவையானது. 1967-இன் கோடையில் அமெரிக்கச் செல்வர்கள் சிலர் ஒரு கால்பந்துப் போட்டியைத் தொடங்க முற்பட்டனர். அணிகளைத் திரட்ட நேரமில்லை. ஆகவே அயல்நாடுகளிலிருந்து 12 குழுக்களை அப்படியே வரவழைத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு வட அமெரிக்க நகரத்தின் பெயரை இரவலாகச் சூட்டினர். அபர்தீன் அணி அந்தக் கோடைக்கு மட்டும் 'வாஷிங்டன் விப்ஸ்' ஆனது. இங்கிலாந்தின் வுல்வர்ஹாம்ப்டன் அணி லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்து அணியாயிற்று. இவ்விரண்டுமே இறுதியாட்டத்தில் மோதின. கூடுதல் நேரம்வரை நீண்ட அந்த ஆட்டத்தில் வாஷிங்டன் 5-6 என்று தோற்றது. அப்போது கிளார்க்குக்கு வயது 21. அயல்நாட்டு மண்ணில், தமக்குரியதல்லாத ஒரு நகரத்தின் பெயரைத் தாங்கி, ஆறு முறை வலையிலிருந்து பந்தை எடுத்த அந்த இளைஞர், இதே நாட்டில்தான் தம் முதுமைவரை வாழ்வின் பெரும்பகுதியைச் செலவிடப் போகிறோம் என்று கனவிலும் எண்ணியிருக்க மாட்டார்.

1978-இல் அலெக்ஸ் ஃபெர்குசன் அபர்தீனின் மேலாளராக வந்தார். 1980-இல் அணி ஸ்காட்லாந்தின் லீக் பட்டத்தை வென்றது. கிளார்க்குக்கு அப்போது 34 வயது. அணியில் அவர் கழித்த 15 ஆண்டுகளுக்கு அது தக்க பரிசு. ஆனால் அடுத்த பருவத்திலேயே அவருடைய இடம் ஜிம் லெய்ட்டன் என்னும் இளைஞருக்குப் போயிற்று. 1982-இல் கிளார்க் அபர்தீனைவிட்டு விலகினார்.

அதற்கு மறுஆண்டு, 1983 மே 11 அன்று, ஸ்வீடனின் கோத்தன்பர்க் நகரில், ஐரோப்பியக் கோப்பை வென்றோர் கோப்பைக்கான இறுதியாட்டத்தில், ஸ்பெயினின் ரியல் மாட்ரிட் அணியை அபர்தீன் 2-1 என வென்றது. அந்த நகரத்தின் கால்பந்து வரலாற்றில் அதைவிடப் பெரிய இரவு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. கோல் முன்னே நின்றவர் லெய்ட்டன்.

வாசக அன்பரே, இந்த இடத்தில் நாம் சற்று நிற்க வேண்டும். ஒரு வீட்டைக் கட்ட 17 ஆண்டுகள் செங்கல் சுமந்தவர், புதுமனை புகும் நாளில் அங்கே இல்லை. அவர் காத்து நின்ற அதே இடத்தில், அவருக்குப் பின் வந்தவர் கோப்பையை ஏந்துகிறார். எவரும் அவருக்கு அநீதி செய்துவிடவில்லை. காலம் தன் கணக்கைப் பார்த்தது, அவ்வளவே. அவர் உள்ளத்தில் அந்த இரவு என்ன நிகழ்ந்தது என்று சொல்ல நமக்கு உரிமையில்லை. நம் உள்ளத்தில் நிகழ்ந்ததைச் சொல்லலாம். நாம் ஆறு ஆண்டுகள் உழைத்து அடித்தளமிட்ட கோயில் ஒன்றுக்கு, நாம் மாற்றலாகிச் சென்ற எட்டாம் மாதம் அர்ச்சிப்பு நடந்தது. அழைப்பிதழில் நம் பெயர் இருந்தது, நாமும் சென்றிருந்தோம். கல்வெட்டில் பெயரைத் தேடிய கண்களை நம்மால் அடக்க முடியவில்லை.

கிளார்க் அடுத்துச் செய்த செயல் நம்மை வியக்க வைக்கிறது. புகழ் பெற்ற ஆட்டக்காரர்கள் வழக்கமாகத் தேடும் ஐரோப்பியக் குழுக்களை நாடாமல், குடும்பத்துடன் ஜிம்பாப்வே நாட்டின் புலவாயோ நகருக்குச் சென்றார். 1980-இல்தான் விடுதலை பெற்றிருந்த நாடு அது. அங்கே ஹைலாண்டர்ஸ் என்னும் அணிக்குப் பயிற்சியளித்தார். பின்னர் 1985-இல் அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்திலுள்ள டார்ட்மவுத் கல்லூரியில் கால்பந்துப் பயிற்றுநர் ஆனார். ஹாம்ப்டன் பார்க்கில் ஓர் இலட்சம் குரல்களைக் கேட்ட செவி, ஹானோவர் என்னும் சிற்றூரின் புல்வெளி ஓரத்தில் பெற்றோர் சிலரும் மாணவர் சிலரும் தட்டிய கைத்தட்டலைக் கேட்கத் தொடங்கியது.

கல்லூரிப் பயிற்றுநரின் தொழில் என்ன என்பதை நம் வாசகர்களுக்குச் சற்று விளக்கியாக வேண்டும். ஐரோப்பாவில் ஒரு குழுவின் மேலாளருக்கு நல்ல ஆட்டக்காரர் கிடைத்தால், பணம் கொடுத்துப் பத்தாண்டுகள்கூட வைத்துக்கொள்ளலாம். அமெரிக்கக் கல்லூரியில் அது நடவாது. ஆட்டக்காரர்கள் மாணவர்கள். ஆகஸ்டு இறுதியில் பருவம் தொடங்குகிறது, திசம்பரில் முடிந்துவிடுகிறது. நடுவே வகுப்புகள் உண்டு, தேர்வுகள் உண்டு, வீட்டுநினைவில் அழும் இரவுகளும் உண்டு. ஒரு மாணவர் பொதுவாக நான்கு பருவங்கள் ஆடலாம். பதினெட்டு வயதில் தட்டுத்தடுமாறி வருபவர், இருபத்திரண்டு வயதில் ஓர் அணியையே தாங்கக்கூடியவராக முதிர்கிறார். முதிர்ந்த அந்த மே மாதத்திலேயே பட்டம் பெற்றுச் சென்றுவிடுகிறார். பயிற்றுநர் மீண்டும் பதினெட்டு வயதினரிடம் திரும்பி, பந்தை எப்படி நிறுத்துவது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

பங்குப்பணியில் நாம் புறப்பட்டுச் செல்கிறோம், மக்கள் இருந்துவிடுகிறார்கள். கல்லூரியில் பயிற்றுநர் இருக்கிறார். பிள்ளைகள் புறப்பட்டுச் செல்கிறார்கள். பிரிவு இரண்டிலும் ஒன்றே.

இவற்றோடு இன்னொரு துன்பமும் உண்டு. ஆட்டம் தொடங்கிவிட்டால் பயிற்றுநரின் கைகள் கட்டப்படுகின்றன. கோட்டைத் தாண்டி ஓர் அடி வைக்கலாகாது. தாம் இருந்திருந்தால் எளிதில் பிடித்திருக்கக்கூடிய பந்து, தம் மாணவரின் விரல்களுக்கு ஓர் அங்குலம் தள்ளிப் போவதைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். கையால் வாழ்ந்த கோல்காப்பாளருக்கு இதைவிடக் கடினமான துறவு ஏது? அந்த மாலையில் அச்சிறு மைதானத்தில் நம் பார்வை ஆட்டத்தைவிட்டு அடிக்கடி அந்த நரைத்த தலையை நோக்கியே சென்றது. அன்றைய ஆட்டத்தில் வென்றவர் யார் என்பது இன்று நம் நினைவில் இல்லை. ஆட்டத்திற்கும் அவருக்கும் நடுவே கிடந்த அந்த வெண்ணிறச் சுண்ணாம்புக் கோடு மட்டும் நினைவில் இருக்கிறது.

டார்ட்மவுத்தில் 1993 வரை இருந்தார். பின்னர் நியூசிலாந்தின் தேசிய அணிக்குப் பயிற்சியளித்தார். அங்கிருந்து 1996-இல் கலிபோர்னியாவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்திற்கு வந்தார். நாட்டு அணியைவிட்டுக் கல்லூரி மாணவர்களிடம் திரும்பி வந்தது இறக்கம் என்று உலகம் கருதும். அவர் திரும்பி வந்தார். 1998-இல் ஸ்டான்ஃபோர்டு அணி அமெரிக்கக் கல்லூரிகளின் தேசிய இறுதியாட்டம்வரை சென்று, இந்தியானா பல்கலைக்கழகத்திடம் 1-3 எனத் தோற்றது. 2001-இல் நோட்டர் டேமில் பொறுப்பேற்றார்.

நாம் அவரைக் கண்ட அந்தப் பருவம், அப்போது நாம் அறியாமலே, அவர் வாழ்வின் பெரிய பருவமாக இருந்தது. 2013 திசம்பர் 15 அன்று, ஃபிலடெல்பியாவுக்கு அருகே டெலவேர் ஆற்றங்கரையில் உள்ள செஸ்டர் நகரத்து மைதானத்தில் தேசிய இறுதியாட்டம். எதிரே மேரிலாந்து பல்கலைக்கழகம். முதல் கோலை மேரிலாந்தின் பேட்ரிக் மலின்ஸ் அடித்தார். இடைவேளைக்கு முன்பே லியோன் பிரௌன் அதைச் சமன் செய்தார். இரண்டாம் பாதியில் ஹாரிசன் ஷிப் உதைத்தனுப்பிய பந்தை, தடுப்பாட்டக்காரர் ஆண்ட்ரூ ஓமாலி தலையால் முட்டி வலைக்குள் செலுத்தினார். 2-1. நோட்டர் டேமின் ஆடவர் கால்பந்து அணிக்கு அதுவே முதல் தேசியப் பட்டம். பயிற்றுநருக்கு அப்போது வயது 68. கோத்தன்பர்க் இரவு கழிந்து 30 ஆண்டுகள் ஆகியிருந்தன. டார்ட்மவுத்தில் முதன்முதல் விசில் ஊதிய நாளிலிருந்து எண்ணினால் 28 ஆண்டுகள்.

அந்தச் செய்தியை நாம் மறுநாள் காலையில் கேட்டோம். நம்மை அழைத்துச் சென்ற ஆசிரியர் தொலைபேசியில் கூவினார். திருவருகைக் காலத்தின் மூன்றாம் ஞாயிறு கழிந்த திங்கள்கிழமை அது; மகிழ்ச்சி ஞாயிறின் இளஞ்சிவப்புத் திரி வளையத்தில் இன்னும் பாதி எரியாமல் இருந்தது. நமக்கும் அந்த வெற்றிக்கும் யாதொரு தொடர்புமில்லை. ஆயினும் மனம் நிறைந்திருந்தது.

இத்துடன் நிறுத்தினால் இது ஒரு வெற்றிக் கதையாகிவிடும். நம் சிந்தையைப் பற்றிக்கொண்டது கோப்பையைவிட வேறொன்று.

புலவாயோவுக்குத் தந்தையுடன் சென்றபோது கிளார்க்கின் மகன் டாமி சிறுவன். தந்தை பயிற்சியளித்த ஹைலாண்டர்ஸ் ஆட்டக்காரர்களே அவனுக்கு வீரர்கள். அவன் வளர்ந்து டார்ட்மவுத்தில் பயின்று, மீண்டும் புலவாயோ சென்று, அதே அணியில் ஆடியபடியே பள்ளியில் கற்பித்தார். அவ்வாண்டுகளில் எய்ட்ஸ் நோய் அந்நாட்டை விழுங்கிக்கொண்டிருந்தது. தாம் வீரர்களாகக் கண்டு வளர்ந்தவர்கள் ஒவ்வொருவராக மறைவதை அவர் கண்டார். எதனால் இறந்தனர் என்பதை வாய்விட்டுச் சொல்லவும் ஊர் அஞ்சியது. டாமி கிளார்க் மருத்துவரானார். 2002-இல், டார்ட்மவுத்தில் பயின்ற ஜிம்பாப்வே ஆட்டக்காரர் மெத்தெம்பே ந்ட்லோவு உள்ளிட்ட தோழர்களுடன் சேர்ந்து 'கிராஸ்ரூட் சாக்கர்' என்னும் அமைப்பைத் தொடங்கினார். மேடைப் பேச்சுக்குச் செவிகொடாத இளையோர் கால்பந்து வீரரின் சொல்லுக்குச் செவிகொடுப்பர் என்பதே அதன் அடிப்படை. ஆப்பிரிக்க நாடுகளில் அது பந்தாட்டத்தின் வழியாகவே எய்ட்ஸ் தடுப்பைக் கற்பித்து, இலட்சக்கணக்கான இளையோரை எட்டியிருக்கிறது. இன்னொரு மகன் ஜேமி கிளார்க் தந்தையைப் போலவே கல்லூரிப் பயிற்றுநராகி, வாஷிங்டன் பல்கலைக்கழக அணியை 2021-இல் தேசிய இறுதியாட்டம்வரை அழைத்துச் சென்றார்.

தந்தை 2017 பருவத்துடன் ஓய்வுபெற்றார். அவருடைய இடத்திற்கு வந்தவர் சாட் ரைலி. நோட்டர் டேமில் கிளார்க்கிடமே ஆடிய மாணவர்; பின்னர் கிளார்க் தொடங்கிய அதே டார்ட்மவுத்தில் பயிற்றுநராக இருந்தவர். லெய்ட்டனுக்கு இடம் விட்டது காலத்தின் கட்டாயம். தாம் வளர்த்த ஒருவருக்கே இடம் விடுவது முற்றிலும் வேறு.

கோலைக் காத்து நின்ற நாள்களில் பந்து தம்மைத் தாண்டிப் போகாமல் தடுப்பதே அவர் கடமை. அந்த 1,155 நிமிடச் சாதனையைக்கூட 1987-இல் கிறிஸ் வுட்ஸ் என்பவர் முறியடித்துவிட்டார். பயிற்றுநரான பின்னரோ, எல்லாம் தம்மைத் தாண்டிப் போக வேண்டும் என்பதே அவர் கடமையாயிற்று. அவ்வாறு அவரைத் தாண்டிப் போனவை எத்தனை என்று எவராலும் எண்ண முடியாது. கிழித்துப் போட்ட மடலின் கதை இப்போது வாசகருக்கு விளங்கியிருக்கும்.

சூன் மாதத்தில் குருமடம் வந்து சேர்ந்தோம். எளிதாக இருந்தது என்று சொன்னால் பொய்யாகும். முதல் சில ஞாயிறுகளில், எவரும் நமக்காகக் காத்திராத காலையில், எட்டு மணிக்கு எழுந்து நின்று என்ன செய்வதென்று தெரியாமல் தோட்டத்துச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றியிருக்கிறோம். பழைய பங்கிலிருந்து வந்த தொலைபேசி அழைப்புகள் மெல்ல மெல்லக் குறைந்தன. புதிய பங்குத்தந்தை நன்றாகச் செய்கிறார் என்று ஒருவர் சொன்னபோது, மகிழ்ச்சி வருவதற்குச் சற்றுத் தாமதமாயிற்று. அந்தத் தாமதத்தை இறைவன் முன்னிலையில் ஒப்புக்கொண்டோம்.

அக்டோபர் மாதத்து ஞாயிறு ஒன்றில், திருத்தொண்டர் ஒருவரை அருகிலுள்ள கிளைக்கிராமத்திற்கு மறையுரை ஆற்ற அழைத்துச் சென்றோம். அவருக்கு அதுவே மக்கள்முன் ஆற்றும் முதல் மறையுரை. மூன்று வாரங்களாக நம் அறையில் அமர்ந்து ஆயத்தம் செய்தவர். நாம் கடைசி வரிசையில் அமர்ந்தோம். நான்கைந்து வாக்கியங்கள் நன்றாகவே சென்றன. பின்னர் நூல் அறுந்தது. தாளைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார், மீண்டும் தாளைப் பார்த்தார். கோயில் முழுவதும் மின்விசிறியின் ஓசை மட்டுமே கேட்டது. குழந்தை ஒன்று சிணுங்கியது. பெரியவர் ஒருவர் திரும்பி நம்மைப் பார்த்தார். நீங்கள் எழுந்து போய்ப் பேசக் கூடாதா என்று கேட்டது அந்தப் பார்வை.

எழுந்திருக்கலாம். அந்த நற்செய்திப் பகுதிக்கு 27 ஆண்டுகளாக மறையுரை ஆற்றியிருக்கிறோம். கால்கள் தாமாகவே அசைந்தன. வளைந்த சுண்டுவிரலை இடக்கையால் இறுகப் பிடித்துக்கொண்டு அமர்ந்திருந்தோம்.

அவர் தாளை மடித்து உள்ளங்கியின் பைக்குள் வைத்தார். பின்னர், தம் தந்தை கடன்வாங்கி வெட்டிய கிணற்றில் தண்ணீர் வராத ஆண்டைப்பற்றி, எவ்வித அலங்காரமுமின்றிப் பேசத் தொடங்கினார். இறையியல் நுட்பங்கள் ஒன்றும் அதில் இல்லை. நாம் மூன்று வாரங்கள் கற்பித்த முன்னுரை, மூன்று கருத்து, முடிவுரை ஆகியவற்றில் ஒன்றும் எஞ்சவில்லை. முன்வரிசையில் இருந்த பெண்மணி ஒருவர் முந்தானையால் கண்களைத் துடைத்துக்கொண்டார்.

திரும்பி வரும் வழியில், மோட்டார் சைக்கிளின் பின்னே அமர்ந்திருந்தவர் காற்றுக்கு மேலாகக் குரலை உயர்த்தி, "எப்படி இருந்தது ஃபாதர்?" என்றார்.

"நிறுத்திய இடத்தில் இன்னும் கொஞ்சம் நின்றிருக்கலாம்" என்றோம்.

அவர் சிரித்தார். குறிப்பேட்டில் எழுதி வைத்திருந்த ஒன்பது குறைகளையும் அன்று அவரிடம் சொல்லவில்லை. ஒவ்வொன்றாகப் பின்னர் சொல்லிக்கொள்ளலாம். சொல்ல ஓராண்டு இருக்கிறது. அதற்குள் அவருக்குக் குருத்துவத் திருநிலைப்பாடு நடந்துவிடும். அதன்பின் அவர் எந்தப் பங்கிற்குப் போவார் என்பது ஆயருக்கே தெரியும்.

மாலையில் குருமட மைதானத்தில் மாணவர்கள் பந்தாடினார்கள். நம் பழைய செம்மண் தரைதான். சவுக்குக் கம்பங்கள் இருந்த இடத்தில் இப்போது இரும்புக் குழாய்கள், அவற்றில் வலையும் உண்டு. கோலுக்கு நிற்கும்படி அழைத்தார்கள். முழங்கால் இடம் தராது என்று கோட்டுக்கு வெளியே நின்றுகொண்டோம். சிறிது நேரத்தில் பந்து உருண்டு நம் காலடிக்கு வந்தது. இரு கைகளாலும் எடுத்தோம். ஒரு நொடி வைத்திருந்தோம். பிறகு உள்ளே எறிந்தோம்.